மீன் நீங்கிய தட்டில் பயறு

வாசகர் கேள்வி:

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் அருகே ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். கல்லூரியில் படிக்கும் 20 வயது மகன் எட்டு மாதங்களுக்கு முன் வீகன் உணவுமுறைக்கு மாறிவிட்டான். மீன், முட்டை மட்டுமல்ல. பால், தயிர், நெய், தேன் எதையும் தொடுவதில்லை. அவனுடைய மனதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவனுக்கென்று இணையத்தில் வரவழைக்கும் பொருட்களுக்கு மட்டும் சென்ற மாதம் 2,420 ரூபாய் ஆயிற்று. நால்வருக்கான பலசரக்கு, காய்கறிச் செலவே 9,000 ரூபாய்க்குள் முடிய வேண்டிய குடும்பம் இது. செலவைக் குறைக்க எங்கே, எதை வாங்க வேண்டும்? உடல் தளர்ந்துவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்; அது உண்மையா? கடையில் பச்சைப் புள்ளி பார்த்து வாங்கினால் போதுமா? ஒரே வீட்டில் இரண்டு சமையல் செய்வது எனக்கு இயலவில்லை. அதற்கு என்ன வழி? வீட்டில் ஆறு தென்னையும் ஒரு பலாவும் ஒரு முருங்கையும் உண்டு. எங்கள் ஊர்க் கடை விலைகளை எழுதி, மகன் வாங்கிய பொருட்களின் பில்லையும் இணைத்திருக்கிறேன்.

உணவியல் ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மகனின் முடிவைக் குறை சொல்லாமல், அதை எப்படிக் காப்பாற்றிக் கொடுப்பது என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். இந்த வயதில் உணவுமுறையை மாற்றிக்கொள்ளும் பிள்ளைகள் பலர் வீட்டில் நடக்கும் வாக்குவாதத்தினால் சரியாகச் சாப்பிடாமல் மெலிந்து, பிறகு அந்த மெலிவுக்கு உணவுமுறையின் மீது பழி போடப்படுவதை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் தொழிலில் பார்த்துவருகிறேன். உங்கள் வீட்டில் அந்தச் சண்டை இல்லை என்பதே பாதிப் பிரச்சினை தீர்ந்ததற்குச் சமம்.

முதலில் பில்லைப் பார்ப்போம். நான்கு லிட்டர் பாதாம் பாலுக்கு 1,280 ரூபாய், சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் டோஃபு 200 கிராம் பொட்டலங்கள் நான்குக்கு 480 ரூபாய், வீகன் சீஸ் என்ற பெயரில் ஒரு பொட்டலத்துக்கு 420 ரூபாய், உறைநிலையில் வரும் சோயாக் கறிக்கு 240 ரூபாய். இந்தப் பட்டியலில் ஒரு பயறுகூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பாலைப் போல ஒன்று, சீஸைப் போல ஒன்று, கறியைப் போல ஒன்று என்று, விட்டுவிட்ட பொருளின் சாயலுக்குத்தான் இவ்வளவு பணமும் போயிருக்கிறது. வீகன் உணவுமுறை செலவு மிக்கது என்ற எண்ணம் பரவியதற்கு இந்தச் சாயல் பொருட்களே காரணம், உணவுமுறை காரணமல்ல.

பொருளின் கிலோ விலையை மட்டும் பார்த்தால் எது மலிவு என்பது புலப்படாது. 10 கிராம் புரதம் கிடைக்க எத்தனை ரூபாய் கொடுக்கிறோம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். மகன் வாங்கிய பாதாம் பாலில் 100 மில்லிக்கு 0.8 கிராம் புரதம் என்று அச்சிட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 320 ரூபாய் கொடுத்து வாங்கும் ஒரு லிட்டரில் கிடைப்பது 8 கிராம்தான். 10 கிராம் புரதத்துக்கு 400 ரூபாய் ஆகிறது. டோஃபுவில் 100 கிராமுக்கு 12 கிராம் என்றால், அதே 10 கிராமுக்கு 50 ரூபாய். உங்கள் ஊரில் சிறுபயறு கிலோ 130 ரூபாய். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைப்படி சிறுபயறில் நூற்றுக்கு ஏறத்தாழ 22.5 பங்கு புரதம் உள்ளதால், 10 கிராமுக்கு 6 ரூபாய்கூட ஆகவில்லை. கிலோ 150 ரூபாய் விற்கும் நிலக்கடலையில் ஆறரை ரூபாய்க்குள் முடிகிறது. மீல் மேக்கர் என்று நாம் சொல்லும் சோயா உருண்டையில் பாதிக்குமேல் புரதம். கிலோ 160 ரூபாய் என்ற உங்கள் கணக்கில் 10 கிராம் புரதத்துக்கு 3 ரூபாய்தான் ஆகிறது. நியாயவிலைக் கடையில் குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோ 30 ரூபாய்க்குத் தரும் துவரம்பருப்பில் ஒன்றரை ரூபாய்கூட ஆவதில்லை. லிட்டர் 50 ரூபாய் கொடுத்து நீங்கள் வாங்கும் பசும்பாலிலேயே 10 கிராம் புரதத்துக்கு 15 ரூபாய்க்கு மேல் ஆகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் மகன் தேர்ந்தெடுத்த வழி இயல்பிலேயே மலிவான வழி என்பது தெரியும்.

இனி நம் மாவட்டத்துக்கென்று உள்ள ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். உங்கள் கேள்விகளில் அது இல்லை, ஆனால் உங்கள் உறவினர்களின் பயத்துக்கு உண்மையான காரணம் அங்கேதான் இருக்கிறது. நம்முடைய சமையலறை மீனை நம்பிக் கட்டப்பட்டது. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்குப் பயிரை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றுபோன பிறகு, திருவிதாங்கூரின் ஏழை வீடுகளில் மரச்சீனியே சோறாயிற்று. அந்த மரச்சீனிக்குப் பக்கத்தில் ஒரு சட்டி சாளை (மத்தி) மீன் புளிமுளமோ நெத்திலி அவியலோ இருந்ததால்தான் அந்த உணவு நிறைவான உணவாக இருந்தது. மரச்சீனியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் புரதமே உண்டு. சாளையில் அதைப்போல ஏறத்தாழப் பதினெட்டு மடங்கு உண்டு. மீனை எடுத்துவிட்டு மரச்சீனியையும் தேங்காய்ச் சம்மந்தியையும் மட்டும் தட்டில் விட்டுவைத்தால் வயிறு நிறையும், உடம்பு தளரும். காச்சில், சேம்பு, சேனை, சிறுகிழங்கு ஆகிய எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான். கிழங்குகள் மலிவானவை, நல்லவை, நார்ச்சத்து உடையவை. ஆனால் மீன் இருந்த இடத்தை அவற்றால் நிரப்ப முடியாது. அந்த இடம் பயறுக்கு உரியது.

மரச்சீனியைப் பற்றி மேலும் ஒரு வார்த்தை. அதில் இயற்கையாகவே சயனைடு வெளியிடும் பொருள் உண்டு. கசப்பான இனங்களில் அது மிகுதி. தோலை முழுவதும் நீக்கி, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிக் களைந்துவிடும் நம் வீட்டு வழக்கம் மிகச் சரியானது. அந்த நச்சை உடல் வெளியேற்றுவதற்குப் புரதத்திலுள்ள கந்தக அமினோ அமிலங்கள் தேவைப்படுகின்றன. ஆகவே மரச்சீனி சமைக்கும் நாளில் பயறு இல்லாமல் பரிமாறாதீர்கள்.

மகனுக்கு எவ்வளவு வேண்டும்? 60 கிலோ எடையுள்ள இளைஞருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் என்பது 2020-இல் வகுக்கப்பட்ட இந்திய அளவு. தானியமும் பயறும் மட்டுமே உண்பவருக்குச் செரிமானத்தில் சிறிது குறையும் என்பதால் நான் 60 கிராமாகவே வைத்துக்கொள்ளச் சொல்வேன். 350 கிராம் அரிசியில் 27 கிராம் வந்துவிடும். 100 கிராம் பயறு, பருப்பு வகைகளில் 22 கிராம், ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் நிலக்கடலையில் 7 கிராம், 20 கிராம் மீல் மேக்கரில் 10 கிராம் என்று கூட்டினால் 66 கிராம் ஆகிவிடுகிறது. இந்த மூன்றையும் மாதத்துக்கு வாங்கினால் 3 கிலோ பயறுக்கு 390 ரூபாய், 900 கிராம் நிலக்கடலைக்கு 135 ரூபாய், 600 கிராம் மீல் மேக்கருக்கு 96 ரூபாய், ஆக மொத்தம் 621 ரூபாய். ரேஷன் பருப்பைக் கணக்கில் சேர்க்காமலே இந்தத் தொகை. 2,420 ரூபாய் இருந்த இடத்தில் இது அமரட்டும்; மிச்சத்தில் ஒரு பகுதியை எதற்குச் செலவிட வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கே வாங்குவது? பயறு வகைகளை அரைக் கிலோ, கால் கிலோவாக அருகிலுள்ள கடையில் வாங்குவதை விட்டு, மாதத்துக்கு ஒருமுறை நாகர்கோவில் கோட்டாறு கம்போளத்தில் மொத்தமாக வாங்குங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லாததால், காலையில் போய் வருவதற்கு நேரம்தான் செலவு. பக்கத்து வீட்டார் ஒருவரோடு சேர்ந்து ஐந்து கிலோவாக வாங்கிப் பகிர்ந்துகொண்டால் பேரம் பேசவும் இடமுண்டு. சிறுபயறு, பெரும்பயறு, காணம் எனும் கொள்ளு, தொலி உளுந்து, கொண்டைக்கடலை ஆகியவற்றில் அந்த மாதம் எது விலை இறங்கியிருக்கிறதோ அதை மிகுதியாகவும் மற்றவற்றைக் குறைவாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பயறையே நம்பியிருக்கத் தேவையில்லை. காணம் பெரும்பாலும் மலிவாகவே கிடைக்கிறது, இரும்பும் கால்சியமும் உடையது, ஆனால் பல வீடுகளில் மறக்கப்பட்டுவிட்டது. வறுத்து அரைத்த காணத் துவையல் ஒன்று போதும், கஞ்சி இறங்கிவிடும்.

அதே சமயம் மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கிவிடாதீர்கள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் நம்முடையது. ஈரக் காற்றில் பயறு சீக்கிரம் வண்டு விழும். வாங்கிய அன்றே நல்ல வெயிலில் பரப்பி, ஆறிய பிறகு காற்றுப் புகாத பாத்திரத்தில் அடையுங்கள். நிலக்கடலையில் பூசணம் பிடித்த, நிறம் மாறிய, கசக்கும் பருப்புகளை ஒன்றுகூட விடாமல் பொறுக்கி எறியுங்கள். அந்தப் பூசணத்தின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கக்கூடியது. வறுப்பதால் முழுமையாகப் போய்விடாது. மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய நிலக்கடலையை மட்டும் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காய்கறிக்குக் கருங்கல் சந்தையும் திங்கள்சந்தையும் உங்களுக்குப் பக்கம். நாகர்கோவிலுக்குப் போகும் நாளில் வடசேரி கனகமூலம் சந்தையிலோ உழவர் சந்தையிலோ எட்டிப் பார்க்கலாம். உழவர் சந்தையில் அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிவைப்பதால், மற்ற இடங்களில் விலை கேட்பதற்கு அது ஓர் அளவுகோலாகவும் உதவும். சக்கைக் காலத்தில் வீட்டுப் பலாவே கறியும் பலகாரமும் தந்துவிடும். சக்கைக்கொட்டையை எறியாமல் காயவைத்துச் சேமியுங்கள். மாங்காயோடு சேர்த்த சக்கைக்கொட்டைக் கறியை உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகள் விரும்பி உண்பதைக் கண்டிருக்கிறேன். பழத்துக்காக ஆப்பிள் வாங்கத் தேவையே இல்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழைப்பழமும், ஏத்தனும், பாளையங்கோட்டானும் விளையும் மண்ணில் இருக்கிறோம். அவற்றோடு வைட்டமின் சி-க்காகக் கொய்யாவோ நெல்லிக்காயோ சேரட்டும். பயறிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் ஏற்றுக்கொள்ள அந்த வைட்டமின் துணைசெய்யும். சாப்பாட்டோடு சாயா, காப்பி குடித்தால் அதே இரும்பு வீணாகும் என்பதால் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள்.

பால் இல்லாத சாயாவுக்காகத்தான் பாதாம் பால் வாங்குகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். அப்படியானால் கடுங்காப்பியும் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பியும் நம் வீடுகளில் எப்போதும் இருந்தவை. அவற்றுக்குப் பால் தேவைப்பட்டதே இல்லை. பால் போன்ற ஒன்று வேண்டுமென்றால் சோயாப் பாலை வீட்டிலேயே எடுக்கலாம். 100 கிராம் சோயாவை இரவு ஊறவைத்து, தோலைக் கசக்கி நீக்கி, வெந்நீர் விட்டு அரைத்து, மொத்தம் 800 மில்லி தண்ணீர் சேரும்படி வடிகட்டி, அடிபிடிக்காமல் கிளறியபடி 20 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். அரைகுறையாகக் காய்ச்சினால் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அதில் தங்கிவிடும் என்பதால் இந்த நேரத்தைக் குறைக்காதீர்கள். வெந்நீரில் அரைப்பதால் பச்சை வாசனை குறையும். மீதி வாசனையை ஏலமும் கருப்பட்டியும் பார்த்துக்கொள்ளும்.

உங்களிடம் ஆறு தென்னை இருப்பதால் தேங்காய்ப்பாலைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. தலைப்பாலும் இரண்டாம் பாலும் ஓலனுக்கும் பாயசத்துக்கும் ஈடு இல்லாதவை. அடைப்பிரதமனும் சிறுபயறுப் பாயசமும் நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெயில் தேங்காய்க் கொத்தை வறுத்துப் போட்டாலே முழு வீகன் பலகாரங்கள். ஆனால் பசும்பாலுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலைத் தம்ளரில் ஊற்றிக் கொடுக்க வேண்டாம். அதில் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு. கால்சியமும் புரதமும் மிகக் குறைவு. பெயரில் பால் இருப்பதால் சத்தும் பாலுடையதாக இருக்கும் என்று நினைக்கும் தவறை நான் அடிக்கடி காண்கிறேன்.

கால்சியத்துக்கு அக்கறையாகத் திட்டமிட வேண்டும். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும். 50 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 180, ஒன்றரை மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலான 15 கிராம் எள்ளில் 190, உங்கள் முற்றத்து முருங்கையிலிருந்து 75 கிராம் இலை பறித்தால் 235 என்று சேர்த்து, பயறிலும் மற்றக் காய்களிலும் வருவதைக் கூட்டினால் 700, 800 வரை எட்டலாம். நாள் தவறாமல் முருங்கை இலைத் துவரனும் எள்ளுத் துவையலும் கேழ்வரகுப் புட்டும் மாறி மாறி வந்தால்தான் இது நடக்கும். மகன் அப்படி உண்ண மாட்டார் என்றால், கால்சியம் சேர்த்தது என்று லேபிளில் எழுதியுள்ள சோயாப் பாலை வாங்குவதையோ, மருத்துவரைக் கேட்டுக் கால்சியம் மாத்திரை எடுப்பதையோ நான் வீண்செலவாகக் கருத மாட்டேன். சீஸ் பொட்டலத்தை மட்டும் நிச்சயமாக நிறுத்திவிடலாம். இத்தகைய சீஸ்கள் பெரும்பாலும் தேங்காய் எண்ணெயும் மாவுச்சத்தும் சேர்ந்தவை.

இப்போது சந்தையில் எந்த விலைக்கும் கிடைக்காத ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். இந்தப் பதிலில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். வைட்டமின் பி12 தாவர உணவில் நம்பத்தகுந்த அளவில் இல்லை. மீனும் பாலும் முட்டையும் இதுவரை அதைத் தந்துவந்தன, மூன்றும் நின்றுவிட்டன. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் எட்டு மாதத்தில் மகனுக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம்; சிலருக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள்கூடத் தெரியாது. பிறகு களைப்பு, வாய்ப்புண், கால் விரல்களில் மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, மறதி என்று தொடங்கும். நரம்புக்கு ஏற்படும் கேடு முற்றினால் திரும்பச் சரியாகாமலே போகலாம். கீரையில் உள்ள ஃபோலிக் அமிலம் ரத்தசோகையை மறைத்துவிடுவதால், நரம்பு கெட்ட பிறகே விஷயம் வெளிப்படும் ஆபத்தும் வீகன்களுக்கு உண்டு.

பழஞ்சியில், அதாவது நீரூற்றிய பழைய சோற்றில் பி12 கிடைக்கும், ஸ்பைருலினா என்ற பாசிப் பொடியில் கிடைக்கும் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பழஞ்சி நல்ல உணவு; ஆனால் அதை நம்பி மாத்திரையை விடக்கூடாது. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். நியாயவிலைக் கடைகளில் வழங்கப்பட்டுவந்த செறிவூட்டப்பட்ட அரிசியில் இரும்பு, ஃபோலிக் அமிலத்தோடு பி12-உம் சேர்க்கப்பட்டது. நிறம் சற்று மாறித் தெரியும் அந்த மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிபவர்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள்; அத்தகைய அரிசி கிடைத்தால் தயவுசெய்து எறியாதீர்கள். என்றாலும் ஒரு கிலோ அரிசியில் சேர்க்க வேண்டிய பி12 அளவு ஏறத்தாழ 1 மைக்ரோகிராம்தான். நாளொன்றுக்குத் தேவை 2.2 மைக்ரோகிராம் என்பதால், அரிசியை மட்டும் நம்பினால் தினமும் இரண்டு கிலோவுக்கு மேல் உண்ண வேண்டியிருக்கும்.

ஆகவே பி12 மாத்திரைதான் வழி. அது நுண்ணுயிரிகளைக் கொண்டு தயாரிக்கப்படுவது. உங்கள் மகனின் கொள்கைக்கு முரணானதல்ல. ஆனால் கேப்சூலின் உறை ஜெலட்டினாக இருந்தால் அது விலங்கிலிருந்து வருவது. மாத்திரையாகக் கேட்டு வாங்குங்கள், சிலவற்றில் பால் சர்க்கரை சேர்ப்பதால் உட்பொருள் பட்டியலையும் பாருங்கள். வீகன்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 10 மைக்ரோகிராம், அல்லது வாரம் ஒருமுறை 2,000 மைக்ரோகிராம் என்பது பரவலாகப் பரிந்துரைக்கப்படும் அளவு. பெரிய அளவாக விழுங்கும்போது அதில் சிறு பங்கையே உடல் ஏற்கும் என்பதால்தான் இந்த வேறுபாடு. மகனின் ரத்தத்தில் இப்போதுள்ள அளவை ஒருமுறை பரிசோதித்துவிட்டு, ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் பகுதி மருத்துவரிடமோ காட்டி அளவை முடிவு செய்யுங்கள். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் பொதுப்பெயர் மருந்துகள் மலிவாகக் கிடைக்கும். மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கச் சொன்னது இதற்காகத்தான். வீட்டில் யாராவது சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுத்தால் அவர்களுக்கும் பி12 குறையக்கூடும் என்பதால், அவர்களையும் சேர்த்தே பரிசோதித்துக்கொள்வது நல்லது.

மீன் நின்றதால் குறையும் மற்ற இரண்டுக்கு அதிகச் செலவு இல்லை. அயோடினுக்காக அயோடின் உப்பையே சமையலுக்குப் பயன்படுத்துங்கள். உப்பளங்கள் அருகில் இருப்பதால் அயோடின் சேர்க்காத கல்லுப்பை மூட்டையாக வாங்கிவைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு, மீன் உண்ணாதவருக்கு அது போதாது. ஒமேகா-3 கொழுப்புக்குத் தினமும் ஒரு மேசைக்கரண்டி ஆளி விதையைப் பொடித்து இட்லிப் பொடியிலோ துவையலிலோ கலந்துவிடலாம்; முழு விதையாக விழுங்கினால் பெரும்பாலும் செரிக்காமலே வெளியேறிவிடும்.

பச்சைப் புள்ளியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது போதாது. பாலும் நெய்யும் தேனும் சேர்ந்த பொருட்களுக்கும் நம் நாட்டில் பச்சைப் புள்ளியே இடப்படுகிறது. வீகன் உணவுக்கென்று 2022-இல் தனி விதிமுறைகள் வந்தன. அவற்றின்படி மேலே ஓர் இலையுடன் பச்சை நிறத்தில் ஆங்கில வி எழுத்துப் போன்ற சின்னம் இடப்பட வேண்டும். ஆனால் அந்தச் சின்னம் உள்ள பொருட்கள் விலை கூடியவை. பருப்புக்கும் அரிசிக்கும் எண்ணெய்க்கும் எந்தச் சின்னமும் தேவையில்லை. பிஸ்கட், ரொட்டி, ரஸ்க், சாக்லேட் ஆகியவற்றில் உட்பொருள் பட்டியலின் முடிவில் ஒவ்வாமை எச்சரிக்கையாகப் பால் குறிப்பிடப்பட்டிருக்கும். அந்த ஒரு வரியைப் படித்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். லேபிளே இல்லாத பேக்கரிப் பலகாரங்களிலும், முட்டையோ பாலோ சேர்த்துப் பிசையக்கூடிய புரோட்டாவிலும், அச்சுமுறுக்கிலும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கல்லூரிக்குக் கொண்டுபோகத் தீனி வேண்டுமென்றால் நம் முந்திரிக்கொத்தைவிடச் சிறந்தது எது? சிறுபயறும் தேங்காயும் கருப்பட்டியும் அரிசிமாவும் மட்டுமே சேர்ந்த அந்தப் பலகாரம் நான்கைந்து நாள் கெடாமல் இருக்கும், வயிற்றுக்கும் நிறைவு.

இரண்டு சமையல் வேண்டாம். நம் சமையலில் பாதிக்குமேல் இப்போதே வீகன்தான் என்பதை ஒரு வாரம் எழுதிப் பார்த்தால் தெரியும்: தீயல், புளிக்கறி, எரிசேரி, பருப்பு, துவரன் வகைகள், புட்டும் பயறும் பப்படமும், கஞ்சியும் பயறும், தோசையும் தேங்காய்ச் சட்னியும். அவியலுக்குத் தயிர் சேர்க்கும் வழக்கமிருந்தால் மாங்காயோ புளியோ சேர்த்துச் செய்யுங்கள். மற்றவர்களும் வித்தியாசம் காணமாட்டார்கள். பருப்புக்கு நெய்யைப் பரிமாறும்போது அவரவர் தட்டில் ஊற்றிக்கொள்ளட்டும். வீட்டார் அனைவருக்குமாகத் தினமும் ஒரு பயறை இரவே ஊறவைத்துக் குக்கரில் வேகவைத்து எடுத்துவிட்டால், மீன் வைக்கும் நாளில்கூட மகனுக்கென்று அடுப்பில் தனியாக எதையும் ஏற்றத் தேவையிருக்காது; மீன் சட்டியில் இட்ட கரண்டியை மட்டும் அவருடைய கறியில் இடாமல் பார்த்துக்கொண்டால் போதும். சனிக்கிழமை ஒரு நாள் அவரையே சமைக்கச் சொல்லுங்கள், சந்தைக்கும் அனுப்புங்கள். பேரம் பேசி வாங்கிய பயறைத் தானே பொறுக்கிக் காயவைத்த பிள்ளை, 320 ரூபாய்ப் பொட்டலத்தை இரண்டாம் முறை யோசித்துத்தான் வரவழைப்பார்.

அடுத்த மாதப் பட்டியலில் பாதாம் பால், சீஸ், உறைநிலைக் கறி மூன்றையும் நிறுத்திவிட்டு, டோஃபுவை மட்டும் மாதம் ஒரு பொட்டலமாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பறித்துவிட்டதாக அவருக்குத் தோன்ற வேண்டாம். மாத முடிவில் புதிய கணக்கையும் ரத்தப் பரிசோதனையில் வந்த பி12, ஹீமோகுளோபின் அளவுகளையும் அவருடைய எடையையும் எழுதி அனுப்புங்கள். எடை இரண்டு கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தால் மாத முடிவு வரை காத்திருக்காமல் உடனே எழுதுங்கள். பயறின் அளவையும் நிலக்கடலையின் அளவையும் அதற்கேற்பக் கூட்டித் தருகிறேன்.